படபடக்கும் நெஞ்சுக்கு ஒரு லாக் ஃபைல்

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை" என்ற புகார் அவருக்குப் பெரிய தலைவலி இல்லை. கழற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடித்து விடுவார். "எப்போதாவது ஒரு தடவை தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது சார்" என்பதுதான் அவரைத் திணற வைக்கும் புகார். அவர் வந்து உட்காரும் நேரத்தில் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் மறுபடி ரீஸ்டார்ட் ஆகும்.

நம் இதயமும் சில சமயம் இதையே செய்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்தால் நார்மல். "ஒன்றும் இல்லை, டென்ஷன்தான்" என்று அனுப்பி விடுகிறார்கள். அடுத்த மாதம் திரும்ப வருகிறது. இப்போது படபடப்போடு "எப்போது வருமோ" என்ற பயமும் சேர்ந்து கொள்கிறது.

எப்போதாவது வரும் கோளாறைக் கம்ப்யூட்டர் துறையில் எப்படிப் பிடிக்கிறார்கள்? லாக் ஃபைலைப் பார்க்கிறார்கள். எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் குறிப்புதான் லாக் ஃபைல். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஈவன்ட் வியூவர் என்று தேடினால் அதை நீங்களே பார்க்கலாம். நெஞ்சுப் படபடப்புக்கும் அதேபோல ஒரு லாக் ஃபைல் எழுதுவது எப்படி, அது டாக்டருக்கு எப்படி உதவுகிறது, அதை எப்போது மூடிவிட வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர். டாக்டர் இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து கொடுப்பதும் டாக்டரின் வேலை. அவருக்குச் சரியான தகவலைக் கொண்டு போய்க் கொடுப்பது நம் வேலை.

எது வேகம்?

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கும். ஓய்வில் 100-ஐத் தாண்டினால் டாக்டர்கள் அதை டாக்கிகார்டியா என்பார்கள். வேகமான துடிப்பு என்பதுதான் அதன் பொருள். அது ஹார்ட் அட்டாக் அல்ல. ஹார்ட் அட்டாக் என்பது இதயத் தசைக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுவது. இரண்டும் வேறு வேறு.

துடிப்பு கூடினாலே கோளாறு என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊர் திருத்தணியில் முருகன் கோயிலுக்குப் போக 365 படிகள் உண்டு. ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி. 30 வயதுள்ள ஆரோக்கியமான ஒருவர் நிற்காமல் ஏறினால் அவருடைய துடிப்பு 140, 150 வரைகூடப் போகலாம். மேலே போய் உட்கார்ந்தால் சில நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். கால் தசைகள் கூடுதலாக ரத்தம் கேட்டன, இதயம் அனுப்பியது. அவ்வளவுதான்.

காய்ச்சல், உடலில் நீர் குறைவது, தூக்கமின்மை, அதிகக் காப்பி, டீ, புகை, மது எல்லாமே துடிப்பைக் கூட்டும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரும், மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் கூட்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் கூடும். ரத்தசோகை இருந்தாலும் கூடும். 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. எனவே படபடப்பு என்று போனால் ஹீமோகுளோபின், தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகளை டாக்டர் எழுதித் தருவது வழக்கம். "நெஞ்சுக்கு வந்தால் ரத்தம் எதற்கு" என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

லூப்பில் மாட்டிக்கொள்ளும் இதயம்

இதயத்தின் மேல் அறையில் சைனஸ் கணு என்ற சிறு பகுதி உள்ளது. கம்ப்யூட்டரின் கிளாக் போல அதுதான் தாளம் போடுகிறது. அங்கே பிறக்கும் மின்துடிப்பு நடுவில் உள்ள ஏ.வி. கணு வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்கும். இதயம் ஒருமுறை துடிக்கும். பிறகு அடுத்த துடிப்பு.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் பாதையில் கூடுதலாக ஒரு சந்து இருக்கும். கீழே இறங்கிய மின்துடிப்பு அந்தச் சந்து வழியாகத் திரும்ப மேலே ஏறி, மறுபடி கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். புரோகிராம் எழுதுபவர்கள் இன்ஃபினிட் லூப் என்று சொல்வார்களே, அதுவேதான். இப்படி வரும் படபடப்பை எஸ்.வி.டி. என்பார்கள். துடிப்பு பெரும்பாலும் 150-லிருந்து 250 வரை போகும். சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கும். சுவிட்சை அணைத்ததுபோல் நிற்கும். பெரும்பாலானவர்களுக்கு இது உயிருக்கு ஆபத்தானது அல்ல. ஆனால் அனுபவிப்பவருக்கு உயிர் போவதுபோல் இருக்கும்.

இன்னொரு வகை பயத்தால் வருவது. மனம் ஆபத்து என்று நினைத்ததும் அட்ரினலின் சுரக்கிறது. சைனஸ் கணுவே வேகமாகத் தாளம் போடுகிறது. இங்கே பாதையில் கோளாறு இல்லை. கிளாக் வேகம் கூடியிருக்கிறது. பேனிக் அட்டாக் எனப்படும் திடீர்ப் பீதியில் இதுதான் நடக்கிறது. பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல இறங்கும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. துடிப்பு வேகமாக இருப்பதோடு தாளமே தப்பியிருக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரே மாதிரி இராது. இது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அதிகம் வரும். பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் இதைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது.

பயமா, பாதையா?

இந்தக் குழப்பம் புதிதல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கலந்துகொண்ட 300-க்கும் அதிகமான சிப்பாய்களை ஆராய்ந்து ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-ல் ஒரு கட்டுரை எழுதினார். படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் எல்லாம் அவர்களுக்கு இருந்தன. இதயத்திலோ பெரிய நோய் எதுவும் தெரியவில்லை. எரிச்சலுற்ற இதயம் என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர்களில் பலருக்கு இருந்தது பதற்றம்தான் என்று பின்னால் வந்தவர்கள் கருதினார்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. 1997-ல் அமெரிக்காவில் எஸ்.வி.டி. உறுதியான 107 பேரின் பழைய மருத்துவக் கதையைத் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் பரிசோதனையில் அது கண்டுபிடிக்கப்படவே இல்லை. அறிகுறிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேர் பேனிக் நோய்க்கான வரையறைக்குள் அடங்கினார்கள். ஆண்களைவிடப் பெண்களிடம்தான் "உங்களுக்குப் பயம், பதற்றம்" என்று அதிகமாகச் சொல்லப்பட்டிருந்தது.

நம் வீடுகளில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்கு நெஞ்சு படபடத்தால் கார் பிடிக்கிறோம். அம்மாவுக்குப் படபடத்தால் "எதையாவது நினைத்துக் கவலைப்பட்டிருப்பாய், கொஞ்சம் படு" என்கிறோம். பயம் என்று சொன்னதே தவறு என்று நான் சொல்லவில்லை. பல நேரம் பயம்தான் காரணம். ஆதாரம் பார்க்காமல் சொல்வதுதான் தவறு.

ஆதாரம் என்பது இ.சி.ஜி. அதுவும் படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த இ.சி.ஜி. மற்ற நேரத்தில் எடுத்தது நார்மலாக இருப்பதால் மட்டும் எஸ்.வி.டி. இல்லை என்று ஆகிவிடாது.

270 கிலோவிலிருந்து கைக்கடிகாரம் வரை

இ.சி.ஜி. கருவியின் கதை கம்ப்யூட்டர் கதை போலவே சுவையானது. நெதர்லாந்து நாட்டின் வில்லம் ஐந்தோவன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களுக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாததால், 1905-ல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பை வரவழைத்துப் பதிவு செய்தார். இன்டர்நெட்டுக்கு எத்தனையோ காலம் முன்பே நடந்த ஆன்லைன் இ.சி.ஜி. அது! 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்து வந்தவர் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர். நடமாடும்போதே துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டை போலச் சுமக்க வேண்டும். எடை ஏறத்தாழ 38 கிலோ. இன்று ஹோல்டர் என்ற அவர் பெயரிலேயே, சட்டைக்குள் மறையும் சிறு கருவி 24 மணி நேரமோ அதற்கு மேலோ பதிவு செய்கிறது. மாதம் ஒருமுறை படபடப்பு வருபவருக்கு ஒரு நாள் ஹோல்டர் எதையும் பிடிக்காமல் போகலாம். அப்போது கூடுதல் நாள் ஓடும் கருவியை டாக்டர் சொல்வார்.

இப்போது கைக்கடிகாரங்களே வந்துவிட்டன. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பின்பக்கம் பச்சை விளக்கு எரியும் சாதாரண ஸ்மார்ட் வாட்ச் தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதை வெளிச்சத்தால் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. கை ஆடினாலும் பட்டை தளர்ந்தாலும் எண்ணிக்கை தவறும். அது இ.சி.ஜி. இல்லை. சில விலை உயர்ந்த வாட்ச்களில் மட்டும் மறுகை விரலை வைத்து 30 விநாடி இ.சி.ஜி. எடுக்கும் வசதி உண்டு. அதுவும் ஒரே கோணத்தில் எடுப்பது. ஆஸ்பத்திரியில் எடுப்பது 12 கோணங்களில். வாட்ச் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. கடிகாரமும் மூன்று விரல்களும் போதும்.

கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில், சித்த மருத்துவர் நாடி பார்க்கும் அதே இடத்தில், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மெல்ல வையுங்கள். கட்டை விரலால் பார்க்காதீர்கள். அதற்கே துடிப்பு உண்டு என்பதால் குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தப்பியிருந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ண முடியாத வேகம் என்றால் "எண்ண முடியவில்லை" என்றே எழுதுங்கள். அதுவும் தகவல்தான்.

எக்ஸெலில் ஒரு பதிவேடு

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் ஏ1 செல்லிலிருந்து ஜே1 செல் வரை இந்தப் பத்துத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்.

1. தேதி
2. தொடங்கிய நேரம்
3. முடிந்த நேரம்
4. எத்தனை நிமிடம்
5. துடிப்பு
6. தாளம் (சீராக / தப்பி)
7. தொடங்கிய விதம் (சட்டென்று / மெல்ல)
8. முடிந்த விதம் (சட்டென்று / மெல்ல)
9. அதற்குச் சற்று முன் செய்தது
10. கூட வந்தவை

ஒவ்வொரு முறை படபடப்பு வந்து போன பிறகும் ஒரு வரிசை நிரப்புங்கள். நேரத்தை 19:40 என்பது போல 24 மணிக் கணக்கில் டைப் செய்யுங்கள். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினால் விண்டோஸ் செட்டிங்ஸில் ரீஜியன் பகுதிக்குப் போய் இந்தியா என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது தலைப்பை நீங்கள் நிரப்ப வேண்டாம். எக்ஸெலே கணக்குப் போடும். டி2 செல்லில் சமக்குறி போட்டு, அடைப்புக்குறியைத் திறந்து, சி2 செல்லைக் கிளிக் செய்யுங்கள். கழித்தல் குறி போட்டு, பி2 செல்லைக் கிளிக் செய்து, அடைப்புக்குறியை மூடுங்கள். பிறகு நட்சத்திரக் குறியும் 1440 என்ற எண்ணும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1440 எதற்கு? எக்ஸெலுக்கு ஒரு முழு நாள் என்பது 1. ஒரு நாளில் 1440 நிமிடங்கள். எனவே பெருக்கினால் நிமிடம் வரும். விடை நேரம் போலத் தெரிந்தால் அந்தச் செல்லில் ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செல்ஸில் நம்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் அதே கணக்கு வந்துவிடும். இரவு 12 மணியைத் தாண்டிய படபடப்புக்கு மட்டும் கழித்தல் குறியோடு தப்பான விடை வரும். அங்கே நிமிடத்தைக் கையாலேயே எழுதிவிடுங்கள்.

ஒன்பதாவது தலைப்பில் "குனிந்து குடம் தூக்கினேன்", "இரண்டாவது காப்பி", "மகனின் பரீட்சை ரிசல்ட்", "இன்ஹேலர் எடுத்தேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பத்தாவதில் மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், கை நடுக்கம் முதலியவை. படபடப்பு நின்றதும் அடிக்கடி சிறுநீர் போயிற்று என்றால் அதையும் சேருங்கள், எஸ்.வி.டி. உள்ளவர்கள் பலர் அப்படிச் சொல்வதுண்டு. பயம் முதலில் வந்து படபடப்பு பின்னால் வந்ததா, படபடப்பு வந்த பிறகு பயம் வந்ததா என்பதையும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.

வீட்டில் எல்லோரும் தொடும் கம்ப்யூட்டர் என்றால் ஃபைல் மெனுவில் இன்ஃபோ, புரொடெக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் வழியாகப் பூட்டி வைக்கலாம். பாஸ்வேர்டை மறந்தால் ஃபைல் போனதுதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது தாளைப் படுக்கை வாக்கில் வைத்து ஒரே ஏ4 பக்கத்தில் பிரிண்ட் எடுங்கள். அவருக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பத்து வரி கதையைவிட ஒரு பக்கப் பட்டியல் வேகமாகப் பேசும். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திருப்பதிக்குப் போய்த் தெலுங்கு பேசும் டாக்டரைப் பார்த்தாலும் எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ஒரு பக்கம் செய்த வேலை

என் சித்திக்கு 43 வயது. திருத்தணியில்தான் இருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக அவ்வப்போது படபடப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கென்று எங்கள் ஊரிலிருந்து சென்னை, வேலூர், திருப்பதி எங்கே போனாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். போய்ச் சேர்வதற்குள் துடிப்பு நார்மலாகிவிடும். ஒவ்வொரு முறையும் டென்ஷன் என்ற பதில்தான். கடைசியில் சித்தியே "எனக்கு மனசுதான் சரியில்லை போல" என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

நான்கு மாதம் பட்டியல் எழுதினார். ஏழு வரிசைகள் சேர்ந்தன. ஏழில் ஆறு முறை சட்டென்று தொடங்கி சட்டென்று நின்றிருந்தது. எண்ண முடிந்த போதெல்லாம் துடிப்பு 170-க்கு மேல். நான்கு முறை குனிந்து நிமிர்ந்தபோது தொடங்கியிருந்தது. பயம் எல்லா முறையும் இருந்தது. ஆனால் படபடப்புக்குப் பிறகுதான் வந்தது. ஏழாவது வரிசை மட்டும் வேறு மாதிரி. மெல்லத் தொடங்கி, 115 வரை போய், மெல்ல இறங்கியது. அன்று படபடப்பு வந்துவிடுமோ என்று நினைத்துக்கொண்டே இருந்ததாக எழுதியிருந்தார்.

பட்டியலைப் பார்த்த டாக்டர் இரண்டு கேள்விதான் கேட்டார். பிறகு, "அடுத்த முறை வந்தால் இவ்வளவு தூரம் வராதீர்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்கும் இடம் எதுவோ அங்கே உடனே போய் ஒரு இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள்" என்றார். ஆறு வாரம் கழித்து அந்தத் தாள் கிடைத்தது. எஸ்.வி.டி. என்று உறுதியானது. அந்தப் பக்கம் நோயைக் கண்டுபிடிக்கவில்லை. எங்கே, எப்போது தேட வேண்டும் என்பதைக் காட்டியது. ஏழாவது வரிசையும் வீண் போகவில்லை. சித்திக்கு இரண்டுமே இருந்தன: பாதையில் ஒரு கோளாறு, அதனால் வளர்ந்த ஒரு பயம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எஸ்.வி.டி.க்கு மருந்துகள் உண்டு. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய ஒயரைச் செலுத்தி அந்தக் கூடுதல் சந்தைச் சூடு வைத்து அடைக்கும் அப்லேஷன் சிகிச்சையும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அதோடு தீர்ந்துவிடும். எது யாருக்கு என்பதை இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சிறப்பு டாக்டர் முடிவு செய்வார்.

படபடப்பு வந்த அந்த நேரத்தில்

முதலில் ஆபத்தைப் பாருங்கள். நெஞ்சு வலி, மயக்கம், கடுமையான மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பட்டியலும் வேண்டாம், எண்ணுவதும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுந்தவர்களும், இளவயதில் திடீர் மரணம் நடந்த குடும்பத்தினரும் காத்திருக்கக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே வேகம் குறையாமல் நீடித்தாலும் ஆஸ்பத்திரிதான்.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். மாடிப்படியில் இருந்தால் உட்காருங்கள்.

எஸ்.வி.டி. என்று டாக்டர் உறுதி செய்திருந்தால் மூச்சை அடக்கி முக்கும் ஒரு பயிற்சியைச் சொல்லித் தருவார். அது வேகஸ் நரம்பைத் தூண்டி ஏ.வி. கணுவை ஒரு கணம் தடுக்கும். லூப் அறுந்தால் படபடப்பு நின்றுவிடும். இங்கிலாந்தில் 428 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வில், உட்கார்ந்து 15 விநாடி முக்கிய உடனே படுக்க வைத்துக் கால்களைத் தூக்கிப் பிடித்தபோது 43 சதவீதம் பேருக்கு நார்மல் ஆனது. கால்களைத் தூக்காத பழைய முறையில் 17 சதவீதம்தான். செலவே இல்லாத மாற்றம்! ஆனால் இதை டாக்டர் நேரில் காட்டித் தந்த பிறகே வீட்டில் செய்ய வேண்டும். கழுத்தைப் பிசைவது, கண்ணை அழுத்துவது போன்றவற்றைச் செய்யவே கூடாது.

பயத்தால் வரும் படபடப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தால் மூச்சுதான் ரிமோட். நான்கு எண்ணும் வரை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெல்ல வெளியே விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இயல்பாகவே துடிப்பு சற்றுக் குறையும். அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். "இது வந்தது போலவே போய்விடும்" என்று உங்களுக்கே சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையையோ காகிதப் பையையோ முகத்தில் வைத்து மூச்சு விட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் படபடப்பு மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கவும் வேண்டாம். அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை.

தேடாதீர்கள், பார்த்துக்கொண்டே இராதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வாங்கியவர்கள் உடம்புக்கு ஏதாவது வந்தால் முதலில் செய்வது தேடிப் பார்ப்பதுதான். மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ரையன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-லேயே இதை ஆராய்ந்தார்கள். தலைவலி போன்ற சாதாரண அறிகுறியைத் தேடத் தொடங்குபவர் அரிதான, கொடிய நோய்களின் பக்கங்களில் போய் முடிவது சகஜம் என்று காட்டினார்கள். சாதாரணக் காரணங்களைவிடப் பயங்கரமான காரணங்களே கண்ணில் அதிகம் படுகின்றன. படிக்கப் படிக்க அட்ரினலின் கூடும். துடிப்பும் கூடும். ஆகவே படபடப்பு இருக்கும்போது தேடவே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ச்சும் அப்படித்தான். அமெரிக்காவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 70 வயதுப் பெண்மணி ஒருவர் ஓர் ஆண்டில் தன் ஸ்மார்ட் வாட்ச்சில் 916 முறை இ.சி.ஜி. எடுத்ததை டாக்டர்கள் 2020-ல் பதிவு செய்தார்கள். நோயைவிட அந்த வாட்ச்சின் அறிவிப்புகளே அவருடைய பயத்தை வளர்த்திருந்தன. ஆன்டி-வைரஸ் வைத்திருப்பது நல்லது. ஒவ்வொரு நிமிடமும் முழு ஸ்கேன் ஓட்டினால் கம்ப்யூட்டரில் வேறு வேலையே நடக்காது.

எனவே பட்டியலுக்கு மூன்று கட்டுப்பாடுகள். ஒன்று, படபடப்பு வந்தால் மட்டும் எழுதுங்கள். நன்றாக இருக்கும்போது எண்ணாதீர்கள். இரண்டு, ஒரு முறைக்கு ஒரே வரிசை. வந்து போன பிறகுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும், அதுவரை தாளில் நேரத்தைக் குறித்தால் போதும். மூன்று, பட்டியலுக்கு ஒரு முடிவு நாள் வேண்டும். டாக்டரிடம் காட்டும் நாள்தான் அது. அவர் "பயம்தான்" என்று ஆதாரம் பார்த்துச் சொல்லிவிட்டால் ஃபைலை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு எண்ணுவது நோயைத் தேடுவது அல்ல, பயத்துக்குத் தீனி போடுவது.

365-ல் முதல் பத்து

பயத்தின் தந்திரம் ஒன்று உண்டு. அது நம் உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். ஒருமுறை பஸ்ஸில் படபடப்பு வந்தால் பஸ் ஏற மாட்டோம். கூட்டத்தில் வந்தால் கூட்டத்துக்குப் போக மாட்டோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டத்தையும், டிசம்பர் 31 படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை நடப்பதையும் ஆண்டுதோறும் பார்த்த என் சித்தி, இரண்டு ஆண்டுகள் அந்தப் படிகளில் கால் வைக்கவில்லை. மலைக்கு வண்டிப் பாதை இருக்கிறது. அதில் போனால் யாருக்கும் தெரியாது. ஏறினால் துடிப்பு கூடும், கூடினால் அது வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

மனநல சிகிச்சையில் இதற்கு வழி உண்டு. பயப்படும் உணர்வைச் சிறிய அளவில், பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப அனுபவித்துப் பழகுவது. டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு சித்தி முதல் நாள் பத்துப் படி ஏறி நின்றார். துடிப்பு கூடியது. நின்றதும் குறைந்தது. அவ்வளவுதான் பாடம். அடுத்த வாரம் முப்பது. வேகமான துடிப்பு எல்லாமே ஆபத்து அல்ல என்பதை அவர் கட்டுரை படித்துக் கற்கவில்லை, கால்களால் கற்றார். இப்போது பாதிக்கு மேல் ஏறுகிறார். எஸ்.வி.டி.க்கு மருந்து தொடர்கிறது.

பயம் தொடர்ந்து தொல்லை கொடுத்தால் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

உங்கள் வீட்டில் "எப்போதாவது நெஞ்சு படபடக்கிறது" என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் கவனிக்காததால் பேசாமல் இருக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் கம்ப்யூட்டர் தொடாதவராகவும் இருக்கலாம். இன்று மாலை அவருக்காக அந்தப் பத்துத் தலைப்புகளை டைப் செய்து ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள். பேனாவால் நிரப்பினாலும் லாக் ஃபைல் லாக் ஃபைல்தான்.